கடைசி இருநூறு மீட்டர்

திருவண்ணாமலை
11-8-2025

தம்பி சக்கரவர்த்திக்கு அக்கா ஜோதியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் வள்ளியும் சுகமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன வாரம் நாலு முறை பேசினோம். நாலு முறையும் ‘சரியாயிடும்க்கா, சரியாயிடும்க்கா’ என்று குழைந்தாய். வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால் நீ ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். இனி எதைச் சொல்வதானாலும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

என் மகள் கீர்த்தனா ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியிருக்கிறாள். ரேஸ் ஓட்டும் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட்டார்களாம். குதிரையை முழுசாக ஓட விடவில்லை என்று விசாரணைக் கமிட்டி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எவனோ சொல்லிக் குதிரையைப் பிடித்து நிறுத்தினாள் என்று அர்த்தம். கீழ்பென்னாத்தூரில் கடலை எடுக்க வந்த வியாபாரி உன் மாமாவிடமே கேட்டிருக்கிறான், ‘உம் பொண்ணு ஜாஸ்தி சம்பாரிச்சுட்டாளாமே’ என்று. மனுஷன் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

பத்தொன்பது வயதில் அவளை அழைத்துப்போனது நீ. ‘கடிவாளம் பிடிக்கிற கைக்கா இது’ என்று அவள் கையைத் தூக்கிக் காட்டியது நீ. அந்த லாயத்துக்கு இருபத்தாறு வருஷமாக ஜமேதார் நீ. குதிரை பார்க்கிற அத்தனை பேருக்கும் தலைவன். ரேஸ் அன்றைக்கு அவள் ஏறி உட்காரும்போது குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நீதானாம். அப்புறம் என்ன நடந்தது? இவளைக் கேட்டால் ‘எனக்கு எது சரின்னு பட்டுதோ அதத்தான் செஞ்சேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

நீ சொல்.

அக்கா,
ஜோதியம்மாள்


லாயத்திலிருந்து
18-8-2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சக்கரவர்த்தி வணங்கி எழுதுவது. நானும் வள்ளியும் நலம். வள்ளிக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி. உன் நலமும் மாமா நலமும் அறிய ஆவல்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி பொன்னிக்கு முதல் ரேஸ். ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு ஏதோ இங்கிலீஷ் பேர், லாயத்தில் நாங்கள் கூப்பிடுவது பொன்னி. மூன்று வயதுப் பெண் குட்டி. ஆயிரத்து இருநூறு மீட்டர், பதினொரு குதிரைகள். ஐந்தாவதாக வந்தாள். அவள் மேல் பணம் கட்டி டிக்கெட் எடுத்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எனக்கு ஐந்தாவது பத்தாவது எல்லாம் பெரிசில்லை அக்கா. முதல் ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு அதோடு நின்றுபோன குட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நான் பார்ப்பது வேறே. ஜெயிக்கிற கம்பத்தைத் தாண்டின பிறகும் அதற்கு ஓட ஆசை இருக்கிறதா என்று பார்ப்பேன். பொன்னி தாண்டின பிறகும் வளைவு வரைக்கும் போனாள், முன்னால் போன மூன்று குதிரைகளை அங்கே பிடித்துவிட்டாள். நடத்திக்கொண்டு வரும்போது இரண்டே சுற்றில் மூச்சு அடங்கிவிட்டது. சாயங்காலம் வைத்த தீனியில் ஒரு பொட்டு மிச்சமில்லை. ரேஸில் பயந்துபோன குட்டி அன்றைக்குத் தொட்டியில் வாய் வைக்காது. இவள் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தாள்! எங்கள் டிரெய்னர் கோபி சார் முகம் தொங்கிப்போய் நின்றார். ‘சார், இது பெரிய ரேஸுக்குப் போற குதிர, எழுதி வெச்சுக்குங்க’ என்றேன். இத்தனை வருஷத்தில் இதற்கு முன்னால் இப்படி அடித்துச் சொன்னது நாலே குட்டிகளுக்குத்தான். நாலும் பொய்க்கவில்லை.

கீர்த்தனா விஷயம் எனக்கும் வருத்தம்தான். கடைசி இருநூறு மீட்டரில் அவள் சாட்டையை ஓங்கவே இல்லை, ரேஸை எடுத்த வீடியோ படத்தில் அது தெரிகிறது. கமிட்டி அதைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயசு. ஒரு வருஷம் ஓடிவிடும். நன்றாகச் சாப்பிடச் சொல், ஆனால் எடை ஏறாமல்.

உன் தம்பி,
சக்கரவர்த்தி


திருவண்ணாமலை
23-8-2025

சக்கரவர்த்திக்கு,

நலம் விசாரிப்பை இந்த முறை விட்டுவிடுகிறேன். உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். குதிரைக்கு முப்பத்தொரு வரி, என் மகளுக்கு ஐந்து. குதிரை தின்றதை எழுதினாய், மூச்சு விட்டதை எழுதினாய், தொட்டியை நக்கினதை எழுதினாய். விசாரணை முடிந்து உன் அக்கா மகள் வெளியே வந்தபோது அவள் மூச்சு எத்தனை சுற்றில் அடங்கியது? அதைப் பார்த்தாயா?

நான் செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸில் தோசை ஊற்றுகிறவள், எனக்குக் குதிரை தெரியாது. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியும். குதிரை உதவாதது என்றால், ஐந்தாவதாக வந்தது குதிரையின் குணம், அவள் மேல் குற்றமில்லை. குதிரை பிரமாதம் என்றால், பிடித்து நிறுத்தினது அவள். அப்படித்தானே ஆகிறது? கமிட்டியிலும் நீ இதே பாட்டைத்தான் பாடினாயா? உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? என்ன சொன்னாய்?

மேல்முறையீடு செய்ய அக்டோபர் பதினைந்து வரைக்கும்தான் நாள் இருக்கிறது. பதில் சீக்கிரம் வேண்டும்.

ஜோதியம்மாள்


லாயத்திலிருந்து
3-9-2025

அக்காவுக்கு,

இங்கே நலம். உன் கோபம் நியாயம்தான், கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்கும் மனசு சரியில்லை.

கூப்பிட்டார்கள். ‘இந்தக் குட்டி எப்படி?’ என்று கேட்டார்கள். நல்ல குட்டி என்றேன். வேறு என்ன சொல்வது? உதவாது என்று என் வாயால் வந்துவிட்டால் அடுத்த மாதமே அவளை விற்றுவிடுவார்கள். எவனாவது வாங்கிக் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடத்துவான். நல்ல குதிரையைப் பார்த்து நல்லதில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நான் சொன்னதற்கும் கீர்த்தனாவுக்குத் தண்டனை கொடுத்ததற்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை. அவர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

மேல்முறையீடு அவசியமா என்று யோசி. வக்கீல், அலைச்சல், பேப்பரில் மறுபடியும் பேர். எழுதுவதானாலும் லாயத்து ஆட்கள் யார் பேரையும் இழுக்காமல் எழுதினால் நல்லது. கீர்த்தனா திரும்பி வரும்போது இதே இடத்தில்தானே வேலை செய்யவேண்டும்?

பொன்னிக்கு இரண்டாவது ரேஸ் இருபத்தொன்றாம் தேதி.

தம்பி,
சக்கரவர்த்தி


திருவண்ணாமலை
10-9-2025

சக்கரவர்த்திக்கு,

சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய்.

உன் லாயத்தில் பொன்னியைப் பார்த்துக்கொள்கிற இளவரசன் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தான். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டான். ஐந்தாவதைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அழுதான். ரேஸ் அன்றைக்குக் குதிரையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீ. கீர்த்தனா மேலே உட்கார்ந்த பிறகு நீ அவளிடம் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்: ‘கடைசியில சாட்டைய எடுக்காத. கையாலயே ஓட்டு. மொத ரேஸ்ல அடி வாங்குற குட்டிக்கு மனசு உடஞ்சுடும், அப்புறம் ஜென்மத்துக்கும் ஓடாது.’

நீ சொன்னாயா இல்லையா?

இவளையும் பிடித்துக் கேட்டேன். ‘மாமா சொன்னாருதான், ஆனா’ என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் கேட்கிற நிலையில் நான் இல்லை. கையில் இருந்த கரண்டியை வீசிவிட்டேன், ஜன்னல் கண்ணாடி போயிற்று. கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரம்மா கோபம் வந்தால் மூச்சை எண்ணு என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நூற்றிருபது வரைக்கும் எண்ணினேன். குறையவில்லை.

நீ சொன்னதைக் கேட்டுத்தான் அவள் சாட்டையை எடுக்கவில்லை. அதற்குத்தான் தண்டனை. விசாரணை நடந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு குதிரையைப் புகழ்ந்துவிட்டு, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாய். சொன்னேன் என்று எழுது. கையெழுத்துப் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜோதியம்மாள்


திருவண்ணாமலை
29-9-2025

சக்கரவர்த்திக்கு,

பத்தொன்பது நாளாகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்புகிறார்.

உன் பொன்னி ஜெயித்துவிட்டாளாமே. வேறொருத்தன் ஓட்டி, நாலு குதிரை நீளத்துக்கு முன்னால் வந்தாளாமே. கீர்த்தனா போனில் அந்த ரேஸைப் பார்த்துக் கை தட்டினாள். இவள் எதற்குக் கை தட்டுகிறாள்? பார் பார், அன்றைக்கு அவள் வேண்டுமென்றுதான் நிறுத்தினாள் என்று இனிமேல் ஊரே பேசும். அந்தக் குதிரை எத்தனை ஜெயிக்கிறதோ அத்தனை தடவை என் மகள் திருடி ஆவாள். உனக்கோ ஐந்தாவது குட்டியும் பொய்க்கவில்லை. மாலை போட்டுக்கொள்.

அவள் தினம் விடியும்போது கிரிவலப் பாதையில் ஓடுகிறாள், எடை ஏறக்கூடாது என்று. பதினாலு கிலோமீட்டர். அவளுக்கு அந்த வேலையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, வேண்டவும் வேண்டாம். அதைத்தான் நீ பிடுங்கிக்கொண்டாய்.

இன்னும் பதினாறு நாள்.

ஜோதியம்மாள்


லாயத்திலிருந்து
7-10-2025

அக்கா,

ஆமாம். நான்தான் சொன்னேன். போதுமா?

சொன்னேன், மறுபடி அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்வேன். முதல் ஓட்டத்தில் சாட்டை விழுந்த குட்டிக்கு ரேஸ் என்றாலே அடி என்று பதிந்துவிடும். பொன்னி இப்போது ஏன் ஜெயித்தாள் என்று நினைக்கிறாய்? அன்றைக்கு அடிபடாததால் ஜெயித்தாள். குதிரை விஷயத்தில் நான் செய்தது சரி. அதை ஒருத்தரும் மறுக்க முடியாது.

ஆனால் ஜமேதார் ஓட்டுகிறவளுக்கு உத்தரவு போடக்கூடாது. டிரெய்னர் மட்டும்தான் சொல்லலாம், அது சட்டம். கமிட்டி முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே வெளியே போ என்றிருப்பார்கள். வேலை மட்டுமில்லை, இந்த வீடும் லாயத்து வீடு. ஐம்பத்தொரு வயதில் வள்ளியை அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? குதிரையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஒரு வருஷம் போனால் திரும்பி வரலாம். நான் போனால் போனதுதான். அப்படி நினைத்துத்தான் சும்மா இருந்துவிட்டேன். கேவலம்தான். நீ தினம் எழுதி எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கேட்டாய், எழுதிவிட்டேன். படித்ததும் கிழித்துப் போடு.

சக்கரவர்த்தி


திருவண்ணாமலை
13-10-2025

சக்கரவர்த்திக்கு,

கிழிக்கவில்லை. தேரடித் தெருவில் மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றை மேல்முறையீட்டோடு வைத்து இன்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். வக்கீல் சொல்கிறார், இது ஒன்றே போதும், லைசென்ஸ் விசாரணை அன்றைக்கே கையில் வந்துவிடும் என்று. கீர்த்தனாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

உனக்கு வீடு போனால் இங்கே வந்து இரு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வள்ளிக்கு நான் சோறு போடுகிறேன். உனக்கும் போடுவேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அக்கா,
ஜோதியம்மாள்


லாயத்திலிருந்து
14-11-2025

என் தெய்வமான அக்காவுக்கு,

உன் நலமும் மாமா நலமும் முக்கியமாக என் தங்கம் கீர்த்தனாவின் நலமும் அறிய ஆவல்.

திங்கட்கிழமை விசாரணையில் நடந்ததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். என்னைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். தலைவர் உன் ஜெராக்ஸைக் கையில் எடுத்துக் காட்டி அவளிடம் கேட்டார், ‘உன் மாமா சொன்னதால்தான் சாட்டையை எடுக்கவில்லையா? ஆமாம் அல்லது இல்லை.’ ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு லைசென்ஸ், எனக்குத் தெரு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து ‘இல்லை’ என்றாள். ஏதோ காரணமும் சொன்னாள், என் காதில் எதுவும் ஏறவில்லை. என்னைக் கேட்டபோது தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. குடும்பச் சண்டை என்று சொல்லி உன் காகிதத்தை மூடி வைத்துவிட்டார்கள். வாயை அடக்கிக்கொள் என்று என்னை எச்சரித்ததோடு சரி. அவள் தண்டனை அப்படியே நின்றுவிட்டது, ஆகஸ்ட் வரைக்கும்.

அக்கா, என் மருமகள் எனக்காகப் பொய் சொன்னாள். நான் செய்ததற்கு அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம். துப்பாமல் தன் ஒரு வருஷத்தை எனக்குப் பிச்சை போட்டாள். தீபத்துக்கு வந்து அவள் காலைத் தொடப்போகிறேன். பெரியவன் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

உன் தம்பி,
சக்கரவர்த்தி


திருவண்ணாமலை
22-11-2025

மாமாவுக்குக் கீர்த்தனா எழுதுவது.

அம்மாவுக்கு வந்த கடிதத்தைப் பிரித்தது நான். அம்மா என்னோடு பத்து நாளாகப் பேசவில்லை. கெஸ்ட் ஹவுஸில் தீபத்துக்கு ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள் என்று அங்கேயே இருக்கிறார். அப்பா நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தீபத்துக்கு வாருங்கள். ஆனால் என் காலைத் தொடாதீர்கள். நான் பொய் சொல்லவில்லை.

நான் ‘இல்லை’ என்றது உங்களுக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். ‘பெத்தவள விட அவன் பெருசாயிட்டானா’ என்று கத்தினார். கமிட்டியில் இருந்தவர்கள்கூடப் பாவப்பட்ட மாதிரிதான் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் நான் சொன்ன காரணம் காதில் ஏறவில்லை. உங்களுக்கும் ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், ஒரு தடவையாவது படியுங்கள்.

கதவு திறந்து குதிரைகள் பாய்ந்ததுமே நீங்கள் சொன்னது எனக்கு மறந்துபோய்விட்டது. கடைசி நேரத்தில் பொன்னிக்கு முன்னால் இரண்டு நீளம் இடம் திறந்தது. நான் சாட்டையை ஓங்கத்தான் போனேன். அப்போது அவள் வலப்பக்கம் சாய ஆரம்பித்தாள். வலப்பக்கம் வேலியை ஒட்டி ஒரு குதிரை வந்துகொண்டிருந்தது, மேலே ஒரு ஆள். என் சாட்டை இடது கையில். அதே கையில்தான் கடிவாளத்தின் இடது வாரையும் இழுத்துப் பிடித்து அவளை நேராக வைத்திருந்தேன். சாட்டையை ஓங்க வேண்டுமானால் வாரைத் தளர்த்த வேண்டும். கை மாற்ற நேரமில்லை. இடப்பக்கம் ஒரு அடி விழுந்தால் இன்னும் வலது பக்கம்தான் போவாள். அந்தக் குதிரை வேலியில் மோதும், அந்த ஆள் கீழே விழுவான், எங்களுக்குப் பின்னால் ஆறு குதிரைகள். எல்லாம் ஒரு மூச்சு நேரம். பார்த்தேன், முடிவு செய்தேன், பிடித்துக்கொண்டேன். ஐந்தாவதாக வந்தேன்.

இதை முதல் விசாரணையிலேயே சொன்னேன். படத்தில் தெரியவில்லை என்றார்கள். அது உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், நீங்கள் வெளியே குதிரையை நடத்திக்கொண்டிருந்தீர்கள். அம்மாவிடம் சொல்ல வந்தேன், கரண்டி பறந்தது. நாலு மாதமாக நீங்களும் அம்மாவும் யார் சொல்லி நான் செய்தேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தரும் சொல்லாமல் நானே செய்திருக்கலாம் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையா?

ஆமாம் என்று சொல்லியிருந்தால் லைசென்ஸ் கிடைத்திருக்கும். மாமா சொன்னால் நிறுத்துவாள், நாளைக்கு வேறு எவனாவது சொன்னாலும் நிறுத்துவாள் என்றும் எழுதியிருப்பார்கள். எனக்கு ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை. அந்த இருநூறு மீட்டரை நான்தான் ஓட்டினேன். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு, நேரில் பேசுவோம். இப்போது எனக்குத் தாங்காமல் இருப்பது இதுதான்: முதல் ஓட்டத்தைப் பார்த்து ஒரு குட்டி எப்படி என்று உங்களால் சொல்ல முடிகிறது. மூன்று வருஷமாக முப்பத்தொரு ரேஸ் நான் ஓட்டிவிட்டேன். என்னைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

லாயத்தில் அந்தப் படம் இருக்கும். மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள் மாமா. இந்த முறை குதிரையைப் பார்க்க வேண்டாம். என் இடது கையைப் பாருங்கள்.

கீர்த்தனா